மக்கா இருக்கா?

ஜூன் 4, புதன்

இல்லை, விசேஷம் ஒன்றும் இல்லை. வீட்டில் குப்பையைக் குறைத்துக்கொண்டிருக்கிறேன், அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டு ஜெயராணி டீச்சரிடம் இப்படித்தான் சொன்னேன். எவர்சில்வர் தூக்கு, பீங்கான் ஜாடி, கண்ணாடிப் பாட்டில் எல்லாம் ஒரே ஆட்டோவில் வந்து இறங்கினால் யாரும் கேட்கத்தான் செய்வார்கள். என் வயிற்றை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "என்ன பகவதி, வீட்டுல விசேஷமா?" என்றார்.

உண்மையில் இதைச் செய்யச் சொன்னவர் டாக்டர். திங்கட்கிழமை, நாங்கள் எழுந்த பிறகு, ஃபைலை மூடிக்கொண்டே. சூடான சாப்பாட்டைப் பிளாஸ்டிக்கில் வைக்காதீங்க, முடிஞ்ச அளவு குறைச்சிடுங்க, நல்லதுதானே என்றார். சாப்பிடுமுன் கை கழுவுங்கள் என்பது போன்ற குரல். இரண்டு முறை கரு வைத்தார்கள். இரண்டு முறையும் தங்கவில்லை. மூன்றாவது முறை இந்த மாதக் கடைசியில். அதற்குள் நான் செய்யக்கூடியது ஏதாவது உண்டா என்று கேட்டிருந்தேன். அதற்கு வந்த பதில் இது.

என் கணவன் பிரம்மநாயகம் படி இறங்குவதற்குள் மறந்துவிட்டான். கல்யாணமாகி நான்கு வருடத்தில், என் கையால் செய்யும்படி யாராவது சொன்ன முதல் காரியம் இதுதான். நான் எப்படி மறப்பேன்.

ஜூன் 6, வெள்ளி

அடுக்களை முடிந்தது. நான் பாடம் எடுக்கும் கல்லூரி திறக்க இன்னும் பத்து நாள் இருப்பது நல்லதாகப் போயிற்று.

காலையில் அத்தை கோவிலிலிருந்து வந்து அலமாரியைத் திறந்தாள்.

"ஏளா, என் புளி டப்பாவ எங்க?"

"ஜாடியில இருக்கு அத்தை."

"மல்லிப்பொடி?"

"கண்ணாடிப் பாட்டில்ல."

"உப்பு?"

"அதுவும் ஜாடிதான்."

"நான் ஒருத்திதான் பாக்கி. என்னையும் ஒரு ஜாடிக்குள்ள போட்டு மூடிரு."

ஐஸ்கிரீம் டப்பா ஒன்றை மட்டும் விடமாட்டேன் என்று நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். மகள் உலகம்மை பத்தாம் வகுப்பு பாஸான அன்று வாங்கிய ஐஸ்கிரீமாம். இப்போது அதில் வடகம் இருக்கிறது. பிரம்மாவின் தங்கை உலகு தென்காசியில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். ஆறாம் மாதம்.

டப்பாவை விட்டுவிட்டேன். வடகம் சூடாக இருக்கப் போவதில்லை.

ஜூன் 11, புதன்

எங்கள் தெருவில் தினமும் பச்சை வாளியை எடுப்பார்கள். நீல வாளியைப் புதன்கிழமை மட்டும். பச்சையில் மக்கும் குப்பை. நீலத்தில் வெள்ளை எழுத்தில் ‘மக்கா குப்பை’ என்று போட்டிருக்கும்.

பேட்டரி வண்டியோடு வருகிற முப்பிடாதிக்கு அவ்வளவு நீளமாகக் கூப்பிடப் பொறுமை கிடையாது. ஒவ்வொரு வாசலிலும் நின்று, "மக்கா இருக்கா?" என்பாள்.

நான் நாகர்கோவில்காரி. எங்கள் பக்கம் மக்கா என்றால் பிள்ளை. ஆணோ பெண்ணோ, மூன்று வயதோ முப்பதோ. போனை எடுத்ததும் அம்மா சொல்கிற முதல் சொல் அதுதான். இந்த வீட்டுக்கு வந்த புதிதில், புதன்கிழமை காலையில் முப்பிடாதியின் குரல் கேட்டு ஓடிப் போய்ப் பார்த்திருக்கிறேன், யாரோ ஊர்க்காரர் என்று. இப்போது பழகிவிட்டது.

இன்று நான்கு சாக்கு கொடுத்தேன்.

"என்னக்கா, காலி பண்ணிட்டு ஊருக்குப் போறியளா?"

"இல்ல. இனிமே பிளாஸ்டிக் வேண்டாம்னு."

"எல்லாரும் இப்படிக் கிளம்பிட்டா நான் எங்க போவ?" சிரித்துக்கொண்டே சாக்கை வண்டியில் எறிந்தாள். உள்ளே டப்பாக்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன.

ஜூன் 14, சனி

மருந்து வந்தது. தெர்மோகோல் பெட்டி. அதற்குள் ஐஸ் பொட்டலங்கள். அதற்குள் ஒரு பிளாஸ்டிக் தட்டு. அதற்குள் ஓர் உறை. உறைக்குள் சுண்டுவிரல் உயர மருந்துக் குப்பிகள்.

இந்த வீட்டுக்குள் பிளாஸ்டிக் வருகிற வழி இனி இது ஒன்றுதான்.

ஊசி போடுவது பிரம்மா. குப்பியை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்டிக் குளிர் போக்குவான். கண்ணை மூடிக்கொண்டு உருட்டுவான். ஏதாவது வேண்டிக்கொள்கிறானா என்று கேட்டதில்லை. போன தடவை ஆஸ்பத்திரி நர்ஸிடம், "பேருதான் பிரம்மா. அந்த வேலை மட்டும் வரமாட்டேங்கு" என்று சொல்லிச் சிரித்தான். நர்ஸும் சிரித்தாள். வரும் வழியில் பாலத்தில் வண்டியை நிறுத்தி, தாமிரபரணியைச் சும்மா பார்த்துக்கொண்டு நின்றான்.

இன்று தூக்கு எடுத்துக்கொண்டு புரோட்டா வாங்கப் போனான். கடைக்காரர், "என்ன சார், இங்க பால் விக்கதில்லயே" என்றாராம். கடை முழுக்கச் சிரிப்பு. அவனே வந்து சொன்னான். முகம் சிவந்திருந்தது. ஆனாலும் தூக்கில்தான் வாங்கி வந்தான்.

ஜூன் 18, புதன்

இதை எழுத வேண்டுமா என்று தெரியவில்லை. எழுதிவிடுகிறேன்.

அம்மா நாகர்கோவிலிலிருந்து வந்திருந்தாள். வாசல் பக்கம் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நானும் அத்தையும் அடுக்களையில். வண்டிச் சத்தம் கேட்டது. கைகழுவிவிட்டு நீல வாளியை எடுப்பதற்குள் முப்பிடாதி வந்துவிட்டாள்.

"மக்கா இருக்கா?"

அம்மா கீரையைக் கீழே வைத்தாள்.

"இல்லம்மா. இனிமேத்தான். எனக்க மொவளுக்கு நாலு வருசம் ஆயாச்சு. போவாத கோவிலு இல்ல. இப்போ டாக்டர்கிட்ட பாத்துக்கிட்டு இருக்கா. நீ நல்ல மனசோட கேட்டிருக்க. ஒனக்க வாக்கு பலிக்கட்டும்."

வண்டியின் பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

பிறகு முப்பிடாதியின் குரல், மிகவும் மெதுவாக: "நான் குப்பையக் கேட்டேன் அம்மா."

அத்தைக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க. "ஐயோ சம்மந்தி!" என்றாள். அம்மாவும் விஷயம் புரிந்து சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. நானும் சிரித்தேன். வாளியோடு வாசலுக்குப் போனபோது முப்பிடாதி மட்டும் சிரிக்கவில்லை. வாளியை வாங்கி, ஒரு எண்ணெய்க் கவரும் இரண்டு மாத்திரை அட்டையும் கிடந்ததை மெதுவாகச் சாய்த்துக்கொண்டாள். எறியவில்லை.

"தப்பா எடுத்துக்காதிய அக்கா."

"நீங்க சரியாத்தான் கேட்டிய."

மக்கா. மண் ஏற்றுக்கொள்ளாது என்று ஒரு பொருள். வா, சாப்பிடு, அழாதே என்று இன்னொரு பொருள். இந்த இரண்டாவது பொருளில் நான் இதுவரை யாரையும் கூப்பிட்டதில்லை. குளியலறையில் ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். குழாயைத் திறந்துவிட்டுத்தான்.

ஜூன் 19, வியாழன்

அம்மா காலை பஸ்ஸில் கிளம்பிவிட்டாள். பழம் முழுவதையும் துணிப்பையில் கொண்டு வந்திருந்தாள். பிளாஸ்டிக்கைப் பற்றி நான் அவளிடம் சொன்னதே இல்லை.

ஜூன் 22, ஞாயிறு

உலகு வந்திருக்கிறாள். ரொம்ப அலையக் கூடாது என்று அவள் டாக்டர் சொன்னதால், இனி பிரசவம் வரை இங்கேதான். வளைகாப்பையும் இங்கேயே வைத்துக்கொள்ளலாம் என்று இரண்டு வீட்டுக்காரர்களும் பேசி முடித்திருக்கிறார்கள். ஜூலை 9.

காரிலிருந்து இறங்கும்போதே கையில் பொட்டலம். வழியில் வாங்கிய புரோட்டா. கொதிக்கக் கொதிக்க சால்னா, மெல்லிய கவரில், நூலால் கட்டி. கவர் ஆவியில் உப்பியிருந்தது. பல்லால் முடிச்சைக் கடித்து அவிழ்த்து, அப்படியே புரோட்டா மேல் சாய்த்தாள்.

"என்ன மைனி, அப்படிப் பாக்கிய?"

"சூடா கவர்ல… நல்லதில்லன்னு சொல்லுதாங்க உலகு."

"மாசம் பூரா இதத்தான் தின்னுக்கிட்டிருக்கேன். உள்ள இருக்கறவுகளுக்கு இதுதான் பிடிக்கு. சால்னா வாசம் வந்தாப் போதும், என்னா உருட்டு!" வயிற்றைத் தட்டிக் காட்டினாள். "பாருங்க, இந்தா."

சேலைக்கு மேலேயே தெரிந்தது. ஒரு பக்கம் எழும்பி, அமுங்கி, மறுபடி எழும்பியது.

மிச்ச சால்னாவை ஊற்றிக்கொள்ளட்டும் என்று ஒரு கிண்ணம் எடுத்தேன். கை நழுவிவிட்டது. எவர்சில்வர்தான். உடையவில்லை. உருண்டு நிற்க நேரமாயிற்று.

ஜூன் 25, புதன்

முப்பிடாதி தெரு முழுக்க, "நீல வாளி! நீல வாளி!" என்று கூப்பிட்டுக்கொண்டு போகிறாள். எங்கள் வாசலில் மட்டும் இல்லை. எல்லா வாசலிலும்.

ஜூன் 26, வியாழன்

வைத்தார்கள்.

திரையில் காட்டினார்கள். ஒரு வெளிச்சப் புள்ளி, ஒரு சின்னஞ்சிறு குழாயின் நுனியிலிருந்து இறங்கி நின்றது. அந்தக் குழாய் பிளாஸ்டிக். அது வந்த உறையும், நர்ஸின் கையுறையும், என்மேல் விரித்திருந்த விரிப்பும். எல்லாவற்றையும் சுருட்டி ஒரு மஞ்சள் பைக்குள் போட்டார்கள்.

ரத்தப் பரிசோதனை ஜூலை 10. அதுவரை சாதாரணமாக இருங்கள் என்றார் டாக்டர்.

வீட்டில் அத்தைக்கும் உலகுவுக்கும் சொல்லவில்லை. போன தடவை சொல்லியிருந்தோம்.

ஜூன் 30, திங்கள்

சாதாரணமாக இருக்கிறேன். முதலாண்டு மாணவர்களுக்கு இரண்டு வகுப்பு எடுத்தேன். வழியில் மிளகாய் வாங்கினேன், துணிப்பையில்.

காலையில் அடுக்களைக்குப் போனால் பாக்கெட் பாலைக் காணோம். மேடையில் தூக்கு நிறையப் பால். அத்தை அடுத்த தெருவில் மாடு வைத்திருக்கிறவரிடம் சொல்லி, தானே போய் வாங்கி வந்திருக்கிறாள்.

"உங்களுக்கு முட்டு வலியாச்சே அத்தை."

"கவர்ப்பால் வேண்டாம்னு நீதான சொன்ன."

நான் பாலைப் பற்றி ஒன்றும் சொன்னதில்லை.

பிறகு தண்ணீர்க் குடத்தைத் தூக்கப் போனேன். "அங்கயே வையி. பிரம்மா எதுக்கு இருக்கான்?" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

ஜூலை 3, வியாழன்

வளைகாப்பு ஏற்பாடு. பிளாஸ்டிக் தட்டும் கப்பும் வேண்டாம் என்று நான் தயங்கித் தயங்கிச் சொன்னேன். சண்டை வரும் என்று நினைத்தேன். "நீ சொல்லுதபடியே செய்யி" என்றாள் அத்தை. வாழை இலை. வாடகைப் பாத்திரக் கடையிலிருந்து எவர்சில்வர் டம்ளர். தாம்பூலத்துக்கு மஞ்சள் துணிப்பை.

அதன்பின், வெற்றிலையைத் துடைத்துக்கொண்டே:

"உலகு எந்திரிச்ச உடனே நீ மணையில உக்காரணும். தெரியும்லா?"

தெரியும். வளையல் போட்டு முடிந்து பிள்ளைத்தாய்ச்சி எழுந்ததும், பிள்ளைக்காகக் காத்திருக்கிறவளை அதே மணையில் உட்கார வைப்பார்கள். அவளுக்கும் மஞ்சள் பூசி இரண்டு வளையல் போடுவார்கள். அடுத்தது அவள் என்று. நான்கு வருடத்தில் ஐந்து வளைகாப்பு வீட்டார் கூப்பிட்டும், ஏதாவது சாக்குச் சொல்லி அந்த மணையிலிருந்து தப்பியிருக்கிறேன். படிக்கிற காலத்தில் இந்தச் சடங்கை எதிர்த்து ஒரு கட்டுரை எழுதியிருக்கிறேன். பரிசுகூடக் கிடைத்தது.

"சரி அத்தை" என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். துடைத்த வெற்றிலையையே இன்னொரு தடவை துடைத்தாள்.

ஜூலை 6, ஞாயிறு

இன்று எழுத ஒன்றும் இல்லை. எழுதினால் கலைந்துவிடும் போல இருக்கிறது.

ஜூலை 9, புதன்

காலையில் குளிக்கப் போனபோது பார்த்தேன். கொஞ்சம்தான். பிறகு, கொஞ்சம் இல்லை.

வெளியே நாதஸ்வரத்தை போனில் போட்டிருந்தார்கள். யாரோ கதவைத் தட்டி, மஞ்சள் அரைச்சாச்சா என்றார்கள். ஆச்சு என்றேன்.

அலமாரியில் நாப்கின் ஒன்றுகூட இல்லை. கரு வைத்த மறுநாளே, இருந்த இரண்டு பாக்கெட்டையும் டீச்சர் மகளிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். இதில் முக்கால்வாசி பிளாஸ்டிக், நான் இனிமேல் துணிதான் என்று சொன்னேன். துணி வாங்கவில்லை.

வாசல் முழுக்கச் சொந்தக்காரர்கள். கடைக்குப் போக வழி இல்லை. பிரம்மா பாத்திரக் கடையில். உலகுவின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். அவள் பட்டுச்சேலையில், தலை நிறையப் பூவோடு, கட்டிலில் உட்கார்ந்து கால் வீக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உலகு, உங்கிட்ட பேட் இருக்கா?"

"யாருக்கு மைனி?" என்று கேட்டுவிட்டு, என் முகத்தைப் பார்த்ததும் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கட்டிலைப் பிடித்து எழுந்து, பெட்டியின் அடியில் துழாவி ஒரு பாக்கெட்டை எடுத்தாள். பாதி பிரித்தது.

"கார்த்திகையில வாங்கினது மைனி. அதுக்குப் பொறவு…" நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"பரவால்ல."

"வச்சிருந்தாங்களா? இந்தத் தடவையும்?"

ஆமாம் என்று தலையசைத்தேன். அவள் கண் நிறைந்தது. மை கலையும் என்று நான்தான் துடைத்துவிட்டேன்.

"அம்மைட்ட சொல்லட்டா?"

"வேண்டாம். இன்னிக்கு உன் நாளு."

"மணை?"

சொன்னால் இத்தனை பேருக்கும் தெரிந்துவிடும். சொல்லாவிட்டால் உட்கார வேண்டும். தீட்டை நான் நம்புவதில்லை. அத்தை நம்புகிறாள். பின்னாளில் உலகுவுக்கோ பிள்ளைக்கோ ஒரு காய்ச்சல் வந்தாலும், அவள் நினைப்பு இந்த மணைக்குத்தான் வந்து நிற்கும்.

பத்தரைக்கு ஆரம்பித்தார்கள். கண்ணாடி வளையல், பச்சையும் சிவப்பும். நான் சுவரோரமாக நின்று தாம்பூலப் பையை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். "குடிக்க குட்டிப் பாட்டில் வைக்கலியா?" என்று உலகுவின் புகுந்த வீட்டிலிருந்து வந்த தென்காசிப் பெரியம்மை கேட்டார். சொம்பில் தண்ணீர் கொடுத்தேன். "எங்க காலத்துக்கே திரும்பிட்டிய போல" என்றார்.

எல்லோரும் வளையல் போட்டாயிற்று. அத்தை மஞ்சள் கிண்ணத்தை மறுபடி எடுத்தாள்.

"உலகு, எந்திரி. பகவதி, வாளா."

கூடம் முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது. எல்லா முகத்திலும் அன்பு. அதுதான் தாங்கவில்லை.

"எந்திரிக்க முடியலம்மா" என்றாள் உலகு. "காலு மரத்துட்டு."

"கையக் குடு."

"தொடாதிய! சுருக்குன்னு இழுக்கு. எனக்கு இன்னும் கொஞ்சம் புளிச்சோறு வேணும். இங்கயே கொண்டாங்க."

"நல்ல நேரம் போயிரும்ளா."

"பசிக்கு உங்க நல்ல நேரம் தெரியுமா?"

பெண்கள் சிரித்தார்கள். உலகு ஒவ்வொரு பருக்கையாகச் சாப்பிட்டாள். அப்பளம் கேட்டாள். தண்ணீர் கேட்டாள். விக்கல் வந்தது. கடைசியில் தென்காசிப் பெரியம்மை அத்தையைப் பார்த்து, "பிள்ளைத்தாய்ச்சி மெதுவா எந்திரிக்கட்டும் கோமதி. ஆம்பளையள் பசியோட இருக்காவ. பந்தியப் போடுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்தார். மற்றவர்களும் மொட்டைமாடிக்குக் கிளம்பினார்கள்.

அத்தை மஞ்சள் கிண்ணத்தோடு நின்றுகொண்டிருந்தாள். மகளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கிண்ணத்தைக் கீழே வைத்தாள். என் கையிலிருந்த சொம்பை வாங்கிக்கொண்டாள்.

"நீ சாவகாசமா வா" என்றாள். படியேறும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் நின்றாள்.

உலகுவின் கால் உண்மையிலேயே மரத்துத்தான் போயிருந்தது. என் தோளைப் பிடித்து எழுந்தாள். "வளையல் போடக் கூடாதுன்னு இல்ல மைனி" என்றாள். "அவ்வளவு பேரு பாக்க…" வளையல் சத்தத்தோடு ஒவ்வொரு படியாக ஏறிப் போனாள்.

கூடத்தில் யாரும் இல்லை. மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. கோலம் கலைந்திருந்தது. உடைந்த வளையல் துண்டுகளைப் பொறுக்கினேன். மணையை எடுத்து வைப்பதற்காகக் குனிந்தேன்.

குனிந்தவள், உட்கார்ந்தேன்.

உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, பலகையில் அவள் சூடு இன்னும் ஆறவில்லை.

மேலே யாரோ மோர் கேட்டார்கள். எழுந்து, மணையை ஈரத்துணியால் துடைத்துச் சுவரோரம் சாய்த்து வைத்தேன். மோர் வாளியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன்.